மலையகச் செய்திகளைப் பிழை திருத்துவது எப்படி: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கத்திலிருந்து வருகிற செய்தி ஒன்றைக் கொடுத்து "பிழை பாருங்கள்" என்றால், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் முதலில் ஒற்றெழுத்தில்தான் கை வைக்கிறார்கள். "தோட்ட தொழிலாளர்" என்பதைத் "தோட்டத் தொழிலாளர்" ஆக்குவார்கள், "மலையக தமிழர்" என்பதில் ஒரு த் சேர்ப்பார்கள், அரை மணி நேரம் அப்படியே போய்விடும், பக்கமும் துப்புரவாகத் தெரியும். ஆனால் அதே செய்தியில் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிக் கிடப்பார்கள். அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் வரிசையைப் பற்றியது. முதலில் பொருள், அப்புறம் பதவி, சட்டம், இடம் பற்றிய சொற்கள், அப்புறம் வாக்கிய முடிவு, அதற்குப் பிறகுதான் எழுத்தும் ஒற்றும். வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும். ஏனென்றால் பொருளைத் திருத்தும்போது பாதி வாக்கியங்கள் எப்படியும் உடையும், உடைந்த வாக்கியத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ஒற்றுகளும் அதோடு போய்விடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூலம் வேண்டும். பொலிஸ் தகவல் சிங்களத்தில் வந்திருக்கும், கம்பனியின் அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருக்கும், தோட்டத்திலிருந்து வந்தது வட்ஸ்அப் குரல் பதிவாக இருக்கும். அதைப் பார்க்காமல் தமிழை மட்டும் வைத்துத் திருத்தினால் பிழையான தகவலை நல்ல தமிழில் எழுதித் தருவதுதான் நடக்கும். செய்தியாளரிடம் மூலத்தையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, வந்தபடியே ஒரு பிரதி. அதைத் தனியாகச் சேமித்துவிட்டு இன்னொன்றில் வேலை செய்யுங்கள். நீங்கள் வெட்டிய வரியில்தான் ஒரு பெயரோ எண்ணோ இருந்தது என்பது பெரும்பாலும் இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வரும்.

பிறகு ஒரு கொப்பி. ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், பதவிப் பெயர், அடிக்கடி வரும் பிறமொழிச் சொல் ஆகியவற்றை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து அதில் குறித்து வையுங்கள். பொலிஸா போலீஸா, ஒக்டோபரா அக்டோபரா, பாராளுமன்றமா நாடாளுமன்றமா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கத் தேவையில்லை. இலங்கை வாசகருக்குப் பொலிஸும் ஒக்டோபரும்தான் பழக்கம். மூன்றாவதில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டும் வரக் கூடாது.

கடைசியாக, கேட்டால் சொல்லக்கூடிய ஆட்கள் மூன்று நான்கு பேர்: தோட்டத்தில் வேலை செய்தவர் ஒருவர், சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், நீதிமன்றச் சொற்கள் தெரிந்தவர் ஒருவர். அகராதியில் கிடைக்காததெல்லாம் இவர்களிடம் கிடைக்கும்.

2. எழுத்துருவை முதலில் சுத்தம் செய்யுங்கள்

நம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துதான் அனுப்புகிறார்கள். அதை யுனிகோடுக்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத பிழைகள் வந்து விழும். இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், எழுத்து உடைந்த பைலில் தேடினால் எந்தச் சொல்லும் ஒழுங்காகக் கிடைக்காது என்பதுதான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஔகாரம். "கௌரவ" என்பதைக் கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டு "கெளரவ" என்று எழுதியிருப்பார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். "கெள", "பெள", "மெள" என்று தேடுங்கள். கிடைக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தக் கூடாது. "கெளுத்தி" மீனில் இருப்பது உண்மையான ள, அதையும் சேர்த்து மாற்றினால் "கௌுத்தி" என்று ஒரு விகாரம் வரும். காலும் ரகரமும் இடம் மாறியிருப்பது அடுத்தது. "காரணம்" என்று தெரிவதில் க-வுக்கு அடுத்து இருப்பது காலா ர-வா என்று எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

3. ஒன்றையும் தொடாமல் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள்

கையை மேசையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். பிழை கண்ணை உறுத்தும், இருந்தாலும் தொடக் கூடாது. பயிற்சிக்கு நான் கொடுக்கும் செய்தி இது:

"தோட்ட தொழிலாளர்கள் 9 பேர் குழவி கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். காலை வேலையில் கொளுந்து பரித்துக் கொண்டிருந்த போதே இச்சம்பவம் இடம்பெற்றது. மரத்தில் இருந்த கூடு கலைந்தே குழவிகள் தாக்கியுள்ளது."

எழுத்துப் பிழையை எண்ணினால் விரல் போதாது. ஆனால் முதல் வாசிப்பில் கேட்க வேண்டியது வேறு. எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்தப் பிரிவு (டிவிசன்)? எந்த நாள்? எந்த வைத்தியசாலை? இதைச் சொன்னது யார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. கேள்விகளை ஓரத்தில் எழுதிவிட்டுச் செய்தியாளருக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுங்கள்.

எடுத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு, இதே மாதிரிச் செய்தி ஒன்றில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொட்டு வாங்கியது ஒன்பது பேர்தான், ஆனால் மூன்று பேர் வெளிநோயாளர் பிரிவில் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அனுமதிக்கப்பட்டது ஆறு பேர். அப்புறம் சிங்கள அறிக்கையைப் பார்த்தால் அதில் இருந்த சொல் "பம்பரா". அது மலைத்தேனீ. குளவிக்குச் சிங்களத்தில் "தெபரா" என்று வேறு சொல் இருக்கிறது. நம் செய்திகளில் இரண்டையும் குளவி என்றே எழுதிவிடுகிறார்கள். மரத்திலோ பாறையிலோ கூடு பெரிதாகத் தொங்கியது என்றால் தேனீயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுக் கேளுங்கள்.

எழுத்துப் பிழையை முதலில் திருத்தியிருந்தால் இந்தக் கோலை எடுத்திருக்கவே மாட்டோம். பக்கம் அழகானதும் வேலை முடிந்துவிட்டது என்று மனம் சொல்லிவிடும்.

4. யார், யாரை என்று வாக்கியம் வாக்கியமாகக் கேளுங்கள்

தமிழில் பெயரெச்சம் போட்டு வாக்கியத்தை எவ்வளவு நீளத்துக்கும் இழுக்கலாம். செய்தியில் ஆபத்தும் அங்கேதான். "தோட்ட அதிகாரியைத் தாக்கிய தொழிலாளியின் மகன் கைது." தாக்கியது தொழிலாளியா, மகனா? இலக்கணப்படி இரண்டும் சரி. வாசிக்கிற ஒருவர் அப்பாவை நினைப்பார், இன்னொருவர் மகனை நினைப்பார்.

இந்த மாதிரி ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். செய்தி வந்த மறுநாள் அந்த அப்பா நேரிலேயே வந்தார். சத்தம் போடவில்லை. "நான் அன்றைக்குப் பெரட்டுக்குப் போய் மலையில் நின்றவன் ஐயா, லயத்தில் எல்லோரும் நான் அடித்ததாகக் கதைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு மடித்துக் கொண்டுவந்த பேப்பரை மேசையில் வைத்தார். (பெரட்டு என்பது காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலைக்குப் பிரிப்பது, மலை என்பது தேயிலை நிற்கிற இடம், லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் தொடர் வீடுகள்.) மகன் பெயரை வெளியில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அப்பாவைச் சேர்த்து எழுதியிருந்தோம். அதுவே அவர் தலையில் விழுந்துவிட்டது.

திருத்தும் வழி, வாக்கியத்தை இரண்டாக வெட்டுவது. "தோட்ட அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டார். இது தொடர்பில் 22 வயது இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டுள்ளார்." அப்பா இந்தச் செய்திக்குத் தேவையே இல்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஒவ்வொரு மரணச் செய்தியிலும் வருகிற வரி: "42 வயதுடைய மூன்று பிள்ளைகளின் தந்தையே இவ்வாறு உயிரிழந்துள்ளார்." எழுத்துப்படி வாசித்தால் 42 வயது பிள்ளைகளுக்கு. பழகிப்போனதால் யாருக்கும் உறைப்பதில்லை. "உயிரிழந்தவருக்கு வயது 42. அவருக்கு மூன்று பிள்ளைகள் இருக்கின்றனர்" என்று எழுதினால் ஒரு சொல்கூட அதிகமாகாது. "இவ்வாறு" என்ற சொல்லுக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை, எடுத்துவிடுங்கள்.

5. நீதிமன்றம், பொலிஸ், சபை: சொல் மாறினால் தகவலே மாறும்

இப்போது நிறையப் பேர் ஆங்கில அறிக்கையைப் போனில் மொழிபெயர்த்து அனுப்புகிறார்கள். அந்த மொழிபெயர்ப்பில் இந்தியச் சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஜாமீன், மாவட்ட ஆட்சியர், உச்ச நீதிமன்றம் என்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். நமக்குப் பிணை, மாவட்டச் செயலாளர்.

நீதிமன்றச் சொல்லில் பொறி இருக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் மேலே, அதற்குக் கீழே உயர் நீதிமன்றம். இலங்கையில் ஆக மேலே இருப்பதன் பெயரே உயர் நீதிமன்றம்தான், அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்குக் கீழே மேல் நீதிமன்றம். ஆகவே "உச்ச" என்பதை "உயர்" என்று மாற்றினால் போதும், ஆனால் மொழிபெயர்ப்பில் வந்த "உயர்" நம் "மேல்" ஆக இருக்கலாம். மூலத்தைப் பார்க்காமல் இதில் கை வைக்கவே கூடாது.

கைதானவர் சந்தேகநபர். வழக்கு முடிந்து நீதிமன்றம் சொன்ன பிறகே குற்றவாளி. விளக்கமறியலும் சிறைத்தண்டனையும் ஒன்றல்ல, 14 நாட்கள் விளக்கமறியல் என்றால் விசாரணை நடக்கிறது என்று மட்டுமே பொருள். "14 நாள் சிறை" என்று தலைப்புப் போட்டால் தீர்ப்பே வராத வழக்கில் நாம் தண்டனை கொடுத்ததாகிவிடும். லயத்தில் பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று, அங்கே அந்தப் பெயர் ஒட்டினால் போகாது.

சபைகளிலும் இதே கவனம் வேண்டும். நுவரெலியாவும் பதுளையும் பண்டாரவளையும் மாநகர சபைகள். ஹட்டன் டிக்கோயாவும் தலவாக்கலை லிந்துலையும் நகர சபைகள். மற்றப்படி சுற்றிலும் இருப்பவை பெரும்பாலும் பிரதேச சபைகள். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. முதலாவதில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள், இரண்டாவது அரச அலுவலகம். ரோட்டு உடைந்ததற்கு எங்கே போய்க் கேட்பது என்று வாசகர் முடிவு செய்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். "அத்தியட்சகர்" என்று தனியாக வந்தால் பொலிஸ் அத்தியட்சகரா, தோட்ட அத்தியட்சகரா என்று சேர்த்து எழுதுங்கள். பதுளை ஊவா மாகாணம், மத்திய மாகாணம் அல்ல. மலையகம் என்றதும் எல்லாவற்றையும் மத்திய மாகாணத்தில் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

சம்பளச் செய்தியில் "அடிப்படைச் சம்பளம்" என்ற சொல்லைக் கண்டால் நின்று பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த 1000 ரூபாய் நாட்சம்பளத்தில் அடிப்படை 900, மிச்சம் 100 வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு. அப்போது "அடிப்படைச் சம்பளம் 1000" என்று எழுதியதெல்லாம் பிழை. புதிதாக எந்தத் தொகை வந்தாலும் அது எந்தத் துண்டுகளால் ஆனது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லைத் தெரிவு செய்ய வேண்டும். காணிச் செய்தியில் "7 பேர்ச்சஸ்" என்பது தட்டச்சில் "7 பேர்" ஆகி வந்ததையும் பார்த்திருக்கிறேன். 160 பேர்ச் ஓர் ஏக்கர், 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1900 சதுர அடி. இந்தக் கணக்கை உங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

6. மண்சரிவு எச்சரிக்கையில் ஒரு சொல்லையும் விட்டுவிடாதீர்கள்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். நம் செய்திகளில் மூன்றும் "மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகின்றன.

அந்த வரியை வாசிக்கிற அம்மா ஒருத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கோ பாடசாலைக்கோ போக வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா? செய்தி சொல்லவில்லை. ஆகவே முதல் வாக்கியத்திலேயே நிலை, நிறம், செய்ய வேண்டியது மூன்றையும் எழுதுங்கள்: "மூன்றாம் நிலை, சிவப்பு எச்சரிக்கை. அபாயப் பகுதியில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்." எச்சரிக்கை எத்தனை மணி வரை செல்லும் என்பதும் மூலத்தில் இருக்கும், அதையும் போடுங்கள். பழைய எச்சரிக்கையை மறுநாள் பகிர்கிறவர்கள் அதிகம்.

எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும், ஊரின் பெயரில் வராது. தன் தோட்டம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் அதில் அடங்கும் முக்கிய ஊர்களையும் விசாரித்துச் சேர்த்தால் அந்தச் செய்தி உதவும்.

"உத்தியோகபூர்வமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்படுகின்றது" போன்ற வாலை இங்கே வெட்டுங்கள். அப்புறம் எண்ணிக்கை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது காணாமல் போனோர் தொகை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. காணாமல் போனோர், உயிரிழந்தோர், இடம்பெயர்ந்தோர் ஆகிய மூன்றையும் கூட்டி "பாதிக்கப்பட்டோர்" என்று ஒரு எண் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக, யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதோடு எழுதுங்கள்.

7. சொன்னார், சுட்டிக்காட்டினார், ஒப்புக்கொண்டார்

ஒரே செய்தியில் "தெரிவித்தார்" நான்கு முறை வந்தால் புதியவர்கள் அழகுக்காக மாற்றிப் போடுவார்கள். இது அழகு பார்க்கிற இடமில்லை. "சுட்டிக்காட்டினார்" என்றால் அந்த விடயம் உண்மையாகவே இருக்கிறது என்று நாமும் சேர்ந்து சொல்கிறோம். "ஒப்புக்கொண்டார்" என்றால் அவரிடம் தவறு இருக்கிறது. "உறுதிப்படுத்தினார்" என்றால் அவர் அதை அறியக்கூடிய இடத்தில் இருப்பவர்.

கம்பனித் தரப்பு "சுட்டிக்காட்டியது", தொழிற்சங்கத் தரப்பு "குற்றஞ்சாட்டியது" என்று எழுதும்போதே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். இரண்டுக்கும் "கூறியது" போடுங்கள். நான்கு முறை வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

8. தோட்டத்துச் சொல்லையும் தோட்டத்துப் பேச்சையும் காப்பாற்றுங்கள்

மொழிபெயர்ப்பில் லயன் அறை "வரி அறை" ஆகி எனக்கு வந்திருக்கிறது. மலை "வயல்" ஆகும், கவ்வாத்து "கத்தரித்தல்" ஆகும். இவற்றைத் திரும்ப நம் சொல்லுக்குக் கொண்டுவாருங்கள்: லயம், மலை, கவ்வாத்து, கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), பிள்ளை மடுவம் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). வாசிக்கிறவர்கள் இந்தச் சொற்களில்தான் வாழ்கிறார்கள்.

வெளியூர்க்காரர் திருத்தினால் கெடக்கூடிய சொல் "பேர்". "20 பேருக்குப் பேர் போடவில்லை" என்றால் அன்றைய வேலையைக் கணக்கில் பதியவில்லை, சம்பளம் இல்லை என்று பொருள். இதைப் "20 பேரின் பெயர்கள் குறிப்பிடப்படவில்லை" என்று மாற்றினால் செய்தியே செத்துவிடும். வெளியூர் வாசகருக்காக ஒருமுறை விளக்கம் சேர்க்கலாம், சொல்லை மாற்ற வேண்டாம்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை இலக்கணத்துக்காகத் தொடாதீர்கள். "புள்ளைக்குக் காய்ச்சல்னா தூக்கிட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும்" என்று ஒரு தாய் சொன்னதை, "போக்குவரத்து வசதிகள் இன்மையால் பெரும் அசௌகரியங்களை எதிர்கொள்கின்றோம்" என்று மாற்றியதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பிள்ளையின் பாரம் இருக்கிறது, மாற்றியதில் ஒன்றும் இல்லை.

9. வாக்கிய முடிவு

இப்போதுதான் இலக்கணம். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் விரல் வைத்து, அதைச் செய்தது யார் அல்லது எது என்று பின்னோக்கித் தேடுங்கள். "வீடுகள் சேதமடைந்தது" என்று வந்தால் "சேதமடைந்தன". "9 பேர் அனுமதிக்கப்பட்டார்" என்று வந்தால் "அனுமதிக்கப்பட்டனர்". பின்னோக்கித் தேடச் சொல்வதற்குக் காரணம், முன்னோக்கி வாசிக்கும்போது நீளமான வாக்கியத்தில் எழுவாய் மறந்துபோகும்.

"ஒவ்வொரு" வந்தால் அடுத்த சொல் ஒருமை: ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தோட்டங்களிலும் அல்ல. உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்ற இடத்தில் ஒரு. நாள்களா நாட்களா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் நேரத்தைச் செலவிடாதீர்கள், ஒன்றை முடிவு செய்து கொப்பியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

10. எழுத்து: ல ள ழ, ர ற, ன ண

மலையகப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் ஒலிக்கும். அதனால் காதை நம்பி எழுதுகிறவர்களுக்கு இங்கே பிழை வருவது இயல்பு, அதற்காக யாரையும் ஏசாதீர்கள். பிழை திரும்பத் திரும்ப வரும் சோடிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

குளவி கொட்டும். குழவி என்றால் கைக்குழந்தை அல்லது அரைக்கிற கல். காலை வேளையில் வேலை செய்வார்கள். மழை பெய்யும், மலை சரியும். கொழுந்தில் ழ, பறிப்பதில் ற. இறந்தவர் உயிரிழந்தவர், இரந்தவர் பிச்சை கேட்டவர். நிரை என்றால் கொழுந்து பறிக்கப் பிடிக்கிற வரிசை, நிறை என்றால் மடுவத்தில் நிறுக்கிற பாரம். "நிறை குறைத்தார்கள்" என்ற முறைப்பாட்டில் ஓர் எழுத்து மாறினால் முறைப்பாடே வேறாகிவிடும். அரைப் பேரில் (அரை நாள் வேலைக்கான பதிவு) ர, லயன் அறையில் ற. முந்நூறு என்றால் 300, அதில் ந் வர வேண்டும்.

சுவர் இடியும் காலத்தில் "சுவற்றில்" அடிக்கடி வரும். "சுவரில்" என்பதே சரி. கயிறு, வயிறு போல று-வில் முடியும் சொல்தான் கயிற்றில், வயிற்றில் என்று ஆகும், சுவர் ர்-இல் முடிகிறது. பதட்டம் அல்ல, பதறுவதால் பதற்றம். அடமழை அல்ல, அடைமழை. முயற்சித்தார் என்பதை முயன்றார் ஆக்குங்கள். அருகாமையில் என்பதற்கு அருகில் போதும்.

இவற்றையும் மொத்தமாக மாற்றும் பொத்தானால் செய்யாதீர்கள். வேலையை எல்லா இடத்திலும் வேளையாக்கினால் வேலைநிறுத்தம் வேளைநிறுத்தம் ஆகிவிடும்.

11. ஒற்று

எல்லா விதியும் தெரிந்திருக்கத் தேவையில்லை, செய்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் ஐந்தாறு விதிக்குள் அடங்கும். மகரத்தில் முடியும் சொல் அடுத்த பெயரோடு சேர்ந்தால் ஒற்று வரும்: தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர், பெருந்தோட்டக் கம்பனி. ஐ, கு உருபுக்குப் பின் வரும்: கொழுந்தைப் பறித்தார், தோட்டத்துக்குச் சென்றார். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் வரும்.

வராத இடத்தில் போடுவதுதான் இப்போது கூடிவிட்டது. "பறித்தக் கொழுந்து" தவறு, "பறித்த கொழுந்து". பல, சில என்பவற்றுக்குப் பின் வராது. "வந்து கேட்டார்" என்பதில் வராது, "பறித்துக் கொடுத்தார்" என்பதில் வரும். து-வுக்கு முன்னால் இருப்பது ந் ஆ, த் ஆ என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் ஊர்ச் செய்தியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. "குளவி கொட்டியது" என்பதில் குளவி எழுவாய், ஒற்று இல்லை. "குளவிக் கொட்டுக்கு இலக்காகினர்" என்பதில் இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பெயராகின்றன, க் வருகிறது. இந்த இரண்டு வரியும் புரிந்துவிட்டால் பாதி ஒற்று புரிந்த மாதிரி.

12. தலைப்பும் படக்குறிப்பும் கடைசியில்

செய்தியாளர் அனுப்பிய தலைப்பு அவர் எழுதிய செய்திக்கானது. நீங்கள் ஒன்பதை ஆறாக்கியிருப்பீர்கள், குளவியைத் தேனீயாக்கியிருப்பீர்கள், தலைப்பில் பழையது அப்படியே நிற்கும். தலைப்பு, படக்குறிப்பு, செய்தி மூன்றிலும் எண், இடம், பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு வாய்விட்டு வாசியுங்கள், முடிந்தால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பயிற்சிச் செய்தி, கேட்டதற்கெல்லாம் பதில் வந்த பிறகு இப்படி முடியும்:

"தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த 9 தொழிலாளர்களை நேற்றுக் காலை மலைத்தேனீக்கள் கொட்டின. ஆறு பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். மூன்று பேர் சிகிச்சை பெற்று வீடு திரும்பினர்." தோட்டத்தின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் சொன்னவரின் பெயரும் அதனதன் இடத்தில் வரும்.

13. வெளியான பிறகு பிழை தெரிந்தால்

சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். பழையதைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அதைத்தான் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். பிழை எது, சரி எது என்ற இரண்டையும் எழுத வேண்டும்: "நேற்று வெளியான செய்தியில் ஒன்பது பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதாகக் குறிப்பிட்டிருந்தோம். அனுமதிக்கப்பட்டவர்கள் ஆறு பேர்." தட்டச்சுப் பிழை, தொழில்நுட்பக் கோளாறு என்று காரணம் சேர்க்காதீர்கள்.

பிழையால் ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தால் திருத்தம் வெளியாவதற்கு முன் அவருக்குக் கோல் எடுத்து, என்ன எழுதப் போகிறோம் என்பதை வாசித்துக் காட்டுங்கள். அந்த அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தேன். வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, முதல் வந்த அதே பக்கத்தில் போடுவீர்களா என்று. போட்டோம்.